செம்பவாங் மணலில் கிடைத்த பழைய காசும் பித்தளைப் பொத்தானும்: அடுத்து என்ன செய்வது?

மணல்வெளி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கடற்கரைகளில் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவது என் விடுமுறை நாள் பொழுதுபோக்கு. பெரும்பாலும் கிடைப்பவை குளிர்பான டின்களின் வளையங்கள், துருப்பிடித்த ஆணிகள், அண்மைக் காலத்துச் சில்லறைக் காசுகள் ஆகியவைதான். சென்ற அமாவாசையை ஒட்டிக் கடல் நன்கு உள்வாங்கியிருந்த காலை வேளையில், சிங்கப்பூரின் வடகரையிலுள்ள செம்பவாங் பூங்காவை அடுத்த மணலில் ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில் இரண்டு பொருள்கள் அருகருகே கிடைத்தன. பூங்கா நிர்வாகத்திற்கு முன்கூட்டியே எழுதி, எந்தப் பகுதியில் தேடலாம் என்று கேட்டுக்கொண்டுதான் சென்றிருந்தேன்.

ஒன்று செம்புக் காசு. ஒரு பக்கம் விக்டோரியா அரசியின் தலை. மறுபக்கம் ஒரு காசு என்னும் மதிப்பும் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) பெயரும் உள்ளன. ஆண்டின் முதல் மூன்று இலக்கங்கள் 188 என்று தெரிகின்றன. கடைசி இலக்கம் தேய்ந்துவிட்டது. மற்றொன்று பித்தளைப் பொத்தான். கயிறு முறுக்கியது போன்ற விளிம்பு, நடுவில் நங்கூரம், அதன்மேல் கிரீடம். இவை எக்காலத்தவை, எப்படித் துப்புரவு செய்வது, யாரிடம் தெரிவிப்பது ஆகிய மூன்றையும் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். கிடைத்த இடத்தின் துல்லியமான குறிப்பு என்னிடம் இருக்கிறது. அதை இங்கே வெளியிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பழங்காசு

இடத்தைப் பொதுவெளியில் எழுத வேண்டாம். மற்றவற்றைப் பிறகு பேசலாம், காசிலிருந்து தொடங்குகிறேன்.

இத்தீவில் கிடைக்கும் பழைய காசுகளை ஆங்கிலேயர் காலத்தவை என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். உண்மையில் அவை பல அடுக்குகளாகப் பிரிகின்றன. தொடக்க காலத்தில் சந்தையில் புழங்கிய பெரிய நாணயம் ஸ்பானிய வெள்ளி. சில்லறைத் தட்டுப்பாட்டை நிரப்ப, சிங்கப்பூர் வணிகர்களே இங்கிலாந்தில் செம்பு வில்லைகளை அச்சடித்து வரவழைத்தார்கள். சேவல் உருவமும் ஜாவி எழுத்தில் (மலாய் மொழிக்கான அரபு எழுத்துமுறை) 'தானா மெலாயு' (மலாய் நிலம்) என்ற சொற்களும் கொண்ட வில்லை அவற்றில் ஒன்று. அதில் ஹிஜ்ரி 1247 என்று பொறித்திருக்கும்; அது 1831ஆம் ஆண்டை ஒட்டியது. ஆனால் அதே ஆண்டைத் தாங்கிய வில்லைகள் பின்னரும் அச்சடிக்கப்பட்டன. எனவே அந்த எண்ணைக் கொண்டு மண்ணடுக்கின் வயதை உறுதிசெய்ய முடியாது.

அடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் 1845இல் வந்த செம்புக் காசுகள்: ஒரு காசு, அரைக் காசு, கால் காசு. கம்பெனி ஆட்சி முடிந்த பிறகு, 1862ஆம் ஆண்டைப் பொறித்து, 'இந்தியா ஸ்ட்ரெயிட்ஸ்' என்ற பெயருடன் ஒரு வரிசை வந்தது. 1867 ஏப்ரல் 1 அன்று நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்தை விட்டு நேரடியாக லண்டனின் ஆளுகைக்குச் சென்றன. அதற்குப் பிறகே, 1870களின் தொடக்கத்தில், அக்குடியேற்றங்களின் பெயர் தாங்கிய காசுகள் வெளிவந்தன. உங்களிடம் இருப்பது அந்த வரிசையைச் சேர்ந்தது. ஆண்டை ஒட்டி 'எச்' என்ற சிறிய எழுத்து இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்; அவ்வெழுத்து பர்மிங்ஹாமின் ஹீட்டன் அச்சகத்தைக் குறிக்கும்.

இதே மணலில் சதுரக் காசு கிடைத்தால் அது ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் 1919 முதல் வந்த வரிசையாகவோ, மலாயா என்ற பெயருடன் 1939 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் காசாகவோ இருக்கக்கூடும். காசின் ஆண்டு, அது எப்போது அச்சானது என்பதைத்தான் சொல்லும். எப்போது மணலில் விழுந்தது என்பதைச் சொல்லாது. 1880களின் செம்புக் காசு பல ஆண்டுகள் கைமாறிய பிறகுகூடத் தொலைந்திருக்கலாம். உங்கள் காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அந்தக் கணக்கில் உதவும்.

வடகரை

பொத்தானைப் பற்றி நான் சொல்கிறேன். நங்கூரமும் கயிற்று விளிம்பும் பிரிட்டிஷ் கடற்படையின் அடையாளங்கள். கிரீடத்தின் வளைவுகளைக் கவனியுங்கள். அவை மேல்நோக்கி உருண்டு எழுந்திருந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மன்னர்கள் காலத்தில் வழங்கிய கிரீட வடிவம். வளைவுகள் நடுவில் குழிந்திருந்தால் இரண்டாம் எலிசபெத் பட்டமேற்ற பிறகு வந்த வடிவமாகக் கொள்ளலாம். பொத்தானின் பின்புறத்தில் செய்தவரின் பெயரும் ஊரும் பொறித்திருப்பது வழக்கம்.

செம்பவாங் கடற்படைத் தளம் அமைப்பது 1923இல் முடிவாயிற்று. ஆறாம் ஜார்ஜ் பெயரிலான பெரிய கப்பல் பழுதுபார்க்கும் துறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பிரிட்டிஷார் 1971இல் வெளியேறினார்கள். ஆகவே கடற்படைப் பொத்தான் அங்கே கிடைப்பதில் வியப்பில்லை. காசு அதற்கு முந்தைய காலத்தது என்பதால், இரண்டும் ஒருவரிடமிருந்து ஒரே நேரத்தில் விழுந்தவை என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

இதில் எனக்கு வேறொரு அக்கறையும் உண்டு. காலனித்துவ காலப் பொருள் என்றதும் வெள்ளைக்கார அதிகாரியின் உடைமை என்றே மனம் போகிறது. அந்தத் தளத்தை இயக்கியவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். எழுத்தர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், சலவைத் தொழிலாளர்கள் என்று குடும்பம் குடும்பமாக அங்கே வாழ்ந்தார்கள். அதிகாரியின் சட்டையிலிருந்து பொத்தான் கழன்று விழுவதற்கு அதை வெளுத்தவரின் கல்லும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். டோபி காட் என்ற பெயரே ஸ்டாம்ஃபோர்டு கால்வாய்ப் பக்கம் துணி வெளுத்த நம்மவர்களால் வந்ததுதானே. கூலி வேலைக்கு வந்தவர்கள் எழுதிவைத்துச் சென்றவை மிகக் குறைவு. பித்தளைச் செம்பு, கால் மெட்டி, வேலைக்கான எண் வில்லை போன்ற எளிய பொருள்கள் எங்கே கிடந்தன என்ற குறிப்போடு கிடைத்தால், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு அவையே சான்று. விலை போகாத பொருள் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

தொல்மண்

வடகரை அம்மா சொன்னதில் 'எங்கே கிடந்தன என்ற குறிப்போடு' என்பதுதான் இந்த இழையின் உயிர்நாடி. அகழாய்வுகளில் தன்னார்வலராக மண் சலித்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் ஒரு பொருளைக் கண்டெடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'இந்தப் பொருள் என்ன?' என்பதன்று, 'இந்த மண் இந்த இடத்து மண்தானா?' என்பதே. வேறு நாடுகளில் இக்கேள்விக்கு இவ்வளவு அழுத்தம் தேவைப்படாமல் இருக்கலாம். இங்கே 1822இலேயே, இப்போதைய ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த குன்றை வெட்டி ஆற்றின் தென்கரைச் சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள். தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடலோரம். சூலியா முஸ்லிம்கள் (தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்) எழுப்பிய நாகூர் தர்கா அன்று அலைகளைப் பார்த்தபடி நின்றது; 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாலிச் குன்றை வெட்டிய மண் அதன் முன்னிருந்த கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கிழக்குக் கடற்கரையில் 1960களில் தொடங்கிய நில மீட்புக்கு பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளின் மண் கொண்டுசெல்லும் பட்டைகளின் வழியே கடலுக்குச் சென்றது. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாட்டின் பரப்பு இன்று 730ஐத் தாண்டிவிட்டது.

இதன் பொருள் என்ன? ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் விக்டோரியா காலத்துக் காசு ஒன்று கிடைத்தால், அக்காலத்தில் அங்கே நிலமே இல்லை. அது குன்று மண்ணோடு வந்திருக்கலாம். கடலடி மணலோடு வந்திருக்கலாம். ஒரு சேகரிப்பாளரின் பையிலிருந்து விழுந்திருக்கலாம். செம்பவாங் பூங்காவின் கடற்கரையோ இயற்கையாக எஞ்சியிருக்கும் மிகச் சில மணற்கரைகளில் ஒன்று. அதனால்தான் உங்கள் இரண்டு சிறு பொருள்களுக்கும் நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன்.

மணல்மேடு

தொல்மண் ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. கடற்கரை மணல் ஒவ்வோர் ஓதத்திலும் (கடல் நீரின் ஏற்ற இறக்கத்திலும்) இடம் மாறுகிறது. பருவக்காற்றுக் காலத்தில் ஒரே வாரத்தில் ஒரு முழம் மணல் சேர்வதையும் கரைவதையும் கண்டிருக்கிறேன். அலை புரட்டிப் போட்ட காசுக்கு மண்ணடுக்கு ஏது? உப்பு நீரில் இன்னும் சில ஆண்டுகள் கிடந்தால் அந்தப் பொத்தான் பச்சைத் தூளாகிவிடும். ஆய்வாளர்கள் பூங்காக் கடற்கரைகளைத் தோண்ட வரப்போவதில்லை. எங்களைப் போன்றவர்கள் எடுக்காவிட்டால் அப்பொருள்கள் யாருக்குமே கிடைக்காமல் அழியும். பொழுதுபோக்காகத் தேடுபவர்களையெல்லாம் புதையல் திருடர்கள் போலப் பார்க்கும் போக்கு வருத்தமளிக்கிறது. நான் பார்த்தவரையில் பெரும்பாலோர் குழிகளை மூடி, கிடைத்த குப்பையையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

தொல்மண்

மணல்மேடு, உங்கள் வாதத்தில் ஒரு பகுதி முழுக்கச் சரி. அலை அடிக்கும் மணலில் அடுக்கு நிலைப்பதில்லை. அங்கே எடுப்பது காப்பாற்றுவதாகவே பல வேளைகளில் அமையும். ஆனால் அலை எட்டும் கோட்டிற்கு மேலே, புல்தரையிலும் மரங்களுக்கு அடியிலும் குன்றுச் சரிவுகளிலும் நிலைமை முற்றிலும் வேறு. நம் பொழுதுபோக்கிற்கான எல்லை அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் அனுமதியின்றித் தோண்டக் கூடாது என்பது சட்டம் தொடர்பானது. நான் சொல்லும் காரணம் அதற்கும் அப்பாற்பட்டது.

ஆடம் பார்க் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்தைய கடைசி நாள்களில், கேம்பிரிட்ஜ்ஷயர் படைப்பிரிவின் முதல் பட்டாளம் அந்தக் குடியிருப்பு வட்டாரத்தைக் காத்து நின்று போரிட்டது. சரணடைவுக்குப் பின் அதே வீடுகளில் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டார்கள். போர்க்களத் தொல்லியலாளர் ஜான் கூப்பர் தலைமையில் அங்கே நடந்த ஆய்வில் மெட்டல் டிடெக்டர்தான் முதன்மைக் கருவிகளுள் ஒன்று. கருவியை வெறுப்பவர்கள் அல்லர் ஆய்வாளர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அந்த வகை ஆய்வு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். துப்பாக்கி சுட்டதும் வெற்றுத் தோட்டாக்கூடு சுட்டவரின் காலடியில் விழுகிறது. குண்டு இலக்கின் பக்கம் போய்ப் புதைகிறது. பிரிட்டிஷ் படையினரின் துப்பாக்கி .303 அங்குல வகை. ஜப்பானியரிடம் 6.5 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் பரவலாக இருந்தன. ஒரு தோட்டத்தின் வேலியோரம் .303 கூடுகள் வரிசையாகக் கிடந்து, அவற்றைச் சுற்றி 6.5 மில்லிமீட்டர் குண்டுகள் புதைந்திருந்தால், யார் எங்கே நின்றார், தாக்குதல் எத்திசையிலிருந்து வந்தது என்பவை வரைபடத்தில் எழுந்து வரும். படைப்பிரிவின் நாள்குறிப்பு பதற்றத்தில் எழுதப்பட்டிருக்கலாம். தப்பியவர்களின் நினைவு பல ஆண்டுகளில் மங்கியிருக்கலாம். மண்ணில் கிடக்கும் கூடுகளின் வரிசை அவை இரண்டையும் சரிபார்க்கும். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கைநிறையக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு போனால், அந்த வரைபடத்தில் ஒரு பக்கம் வெறுமையாகிவிடும். பிறகு வரும் ஆய்வாளர் 'இங்கே யாரும் போரிடவில்லை' என்று எழுதுவார். பொருள் தொலைவதைக் காட்டிலும் இது பெரிய இழப்பு.

பொதுமக்களுக்கு இதில் இடமில்லை என்றும் நான் சொல்லவில்லை. 1879இல் கட்டி 1901இல் கைவிடப்பட்ட தஞ்சோங் காத்தோங் கோட்டை மண்ணுக்குள் மறைந்தே போயிருந்தது. காத்தோங் பூங்காவில் அதன் சுவரின் மேற்பகுதியை 2001இல் கண்டறிந்து சொன்னவர் அப்பகுதியில் வசித்த ஒருவர்தான். அவர் மண்வெட்டியை எடுக்கவில்லை; சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார். முறையான அகழாய்வு 2004இல் தொடங்கியது. அந்தப் பொறுமையைத்தான் நம் குழுவினரிடமும் நான் எதிர்பார்க்கிறேன்.

படைப்பொறியாளன்

தேசிய சேவையில் பொறியாளர் படைப்பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எச்சரிக்கை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெற்றுக் கூடுகளைப் பற்றிப் பேசும்போது வெடிக்காதவற்றையும் நினைவில் கொள்ளுங்கள். 2019இல் ஜியாக் கிம் தெருவை ஒட்டிய கட்டுமானத் தளத்தில் 50 கிலோ எடையுள்ள போர்க்காலக் குண்டு கிடைத்தது. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் கிடைத்தது 100 கிலோ குண்டு. அதை அங்கேயே வெடிக்கச் செய்து செயலிழக்க வைப்பதற்காக 4,000க்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து வெளியேற வேண்டியிருந்தது. எண்பது ஆண்டுகள் ஆகியும் வெடிமருந்து வீரியம் இழப்பதில்லை. வெடிப்பைத் தூண்டும் முடுக்கி துருப்பிடித்தால் அது மேலும் நிலையற்றதாகவே ஆகும்.

கருவி பெரிய இரும்புக்கான குறியைத் தந்து, மண்ணுக்குள் உருளை வடிவம் தட்டுப்பட்டால், அதே நொடியில் தோண்டுவதை நிறுத்துங்கள். தட்டிப் பார்ப்பது, கழுவிப் பார்ப்பது, படம் எடுப்பதற்காகத் திருப்பி வைப்பது எதுவும் வேண்டாம். வந்த வழியே விலகி 999ஐ அழையுங்கள். சுடப்படாத ஒற்றைத் தோட்டாவானாலும் வீட்டுக்குக் கொண்டுபோவது ஆபத்து. தோட்டா வைத்திருப்பது குற்றமுமாகும்.

வடகரை

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பொங்கோல் முனையிலும் சாங்கிக் கடற்கரையிலும் 1942 பிப்ரவரியில் சூக் சிங் படுகொலைகள் (ஜப்பானியப் படையினர் சீனர்களைக் கொன்று குவித்தவை) நடந்தன. அங்கே நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. மாண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவ்விடங்களில் பொழுதுபோக்குக்காகக் கருவியை இயக்குவது எனக்கு ஏற்புடையதன்று, சட்டம் அனுமதித்தாலும்கூட. பழைய இடுகாட்டு நிலங்களுக்கும் இதுவே பொருந்தும். எங்கே தேடினாலும் எலும்பு தென்பட்டால் உடனே நிறுத்திவிட்டுக் காவல் துறையிடம் தெரிவிப்பதுதான் முறை.

மணல்வெளி

அனைவருக்கும் நன்றி. பொத்தானின் கிரீட வளைவுகள் மேல்நோக்கி உருண்டுதான் இருக்கின்றன. காசில் எழுத்துக் குறி எதுவும் தெரியவில்லை. காசின் ஓரத்தில் வெளிர் பச்சை நிறத்தில் தூள் படிந்திருக்கிறது. வீட்டில் அம்மா, குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பழங்காசு

தயவுசெய்து புளி வேண்டாம். எலுமிச்சையும் வினிகரும் வேண்டாம். குத்துவிளக்கில் உலோகம் தடிமனானது; ஒரு படலம் போனாலும் உருவம் மாறாது. தேய்ந்த காசில் எழுத்தும் உருவமும் அந்தப் பச்சைப் படலத்திலேயேதான் தங்கியிருக்கும். அமிலம் படலத்தைக் கரைக்கும்போது உங்கள் ஆண்டின் கடைசி இலக்கமும் சேர்ந்து போய்விடும்.

கெட்டியான கரும்பச்சைப் படலம் காசுக்குக் காப்பு. தூளாக உதிரும் வெளிர் பச்சையோ நோய். கடல் உப்பின் குளோரைடு, செம்போடும் காற்றின் ஈரத்தோடும் சேர்ந்து தொடர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது வேகமாகப் பரவும். இப்போதைக்குக் காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நீரை அடிக்கடி மாற்றி வாருங்கள். உப்பு மெல்ல வெளியேறும். பிறகு நிழலில் நன்கு உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பொத்தானைத் தனி டப்பாவில் வையுங்கள். பின்புற எழுத்தைப் பார்ப்பதற்காகச் சுரண்ட வேண்டாம். பக்கவாட்டில் விளக்கொளி விழுமாறு வைத்துப் படம் எடுத்தால் போதும். மேற்கொண்டு செய்ய வேண்டியதைப் பாதுகாப்பு வல்லுநர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

மணல்மேடு

தோட்டாக்கூடுகள் பற்றிய விளக்கத்திற்கு நன்றி, ஐயா. அலை எட்டும் கோட்டை எல்லையாக வைத்துக்கொள்வது எனக்கும் ஏற்புடையதே. என் பங்குக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஒற்றை அதிர்வெண் கருவிகள் ஈர உப்பு மணலில் பொய்க் குரல் கொடுக்கும். பல அதிர்வெண் கருவியோ மின்துடிப்புகளை அனுப்பித் தேடும் துடிப்பு வகைக் கருவியோதான் அங்கே பயன்படும். துடிப்பு வகை இரும்பையும் செம்பையும் பிரித்துக் காட்டாது என்பதால், படைப்பொறியாளன் சொன்ன எச்சரிக்கை அதைப் பயன்படுத்துபவர்களுக்கு இருமடங்கு பொருந்தும்.

தொல்மண்

மணல்வெளி, யாரிடம் தெரிவிப்பது என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தீர்கள். தேசிய மரபுடைமைக் கழகத்திற்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அரசு நிலத்தில் கிடைத்த தொல்பொருள் எடுத்தவருக்கே உரியது என்று எண்ணிக்கொண்டு விற்பதோ வெளிநாட்டுக்கு அனுப்புவதோ கூடாது. கழகத்தின் பதில் வரும்வரை பொருள்கள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

மின்னஞ்சலில் ஆய நிலை எண்கள் (இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் எண்கள்), தேதி, நேரம், அன்றைய ஓத நிலை, ஆழம், இரண்டு பொருள்களுக்கும் இடையிலிருந்த தொலைவு, அதே குழியில் கிடைத்த மற்றவை ஆகியவற்றை எழுதுங்கள். மற்றவை என்று நான் சொல்வதில் கண்ணாடித் துண்டு, செங்கல் துண்டு, பீங்கான் ஓடு எல்லாம் அடங்கும். கருவி அவற்றைக் காட்டாது. ஆனால் காலத்தைக் கணிப்பதற்குக் காசைவிட ஒரு பீங்கான் ஓடு அதிகம் உதவிய இடங்கள் உண்டு. அளவுகோலை அருகில் வைத்து இரு பக்கமும் படம் எடுத்து இணையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பழைய வரைபடங்கள் உள்ளன. கடற்படைத் தளத்திற்கு முந்தைய ஒன்றையும் பிந்தைய ஒன்றையும் எடுத்து, அந்தக் கரையோரக் கோடு மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மாறவில்லை என்றால் அதையும் மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள். படிப்பவருக்கு முதலில் எழும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மணல்வெளி

பீங்கான் ஓடு ஒன்று இருந்தது. நீல வண்ணக் கோடுகளுடன் விரல் நக அளவில். அதையும் பையில் போட்டு எடுத்துவந்திருக்கிறேன். இன்றிரவே வரைபடங்களைப் பார்த்துவிட்டு மின்னஞ்சலை அனுப்புகிறேன். பதில் வந்ததும் இதே இழையில் தெரிவிக்கிறேன்.